அடித்த சக்கரமும் வார்த்த சக்கரமும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் பின்னிரவில், என் பழைய மாணவர் ஒருவர் ஜப்பானிலிருந்து ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். இயற்பியல் இளங்கலை படித்த நாட்களில் பகுதி ஒன்று தமிழை என்னிடம் பயின்றவர். இப்போது நகோயாவில் பணி. படத்தில் ஒரு கார்ச் சக்கரம். அதன் ஆரக்கால் ஒன்று குடத்தோடு சேரும் இடத்தில் தலைமயிர் கிடப்பது போல ஒரு கோடு. மயிரல்ல, விரிசல். "ஐயா, ஃபோர்ஜ்டுன்னு சொல்லித்தான் வித்தாங்க. ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினேன், அவ்வளவுதான்" என்று கீழே எழுதியிருந்தார்.

கார் ஓட்டத் தெரியாத தமிழாசிரியனுக்கு இதை ஏன் அனுப்பினார் என்றால், அதற்கும் ஒரு காரணம் உண்டு. வகுப்பில் ஒருமுறை வார்ப்பிரும்பு, தேனிரும்பு என்ற இரு சொற்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன். பணியாரக்கல் கைதவறி விழுந்தால் இரண்டாகப் பிளக்கும். கொல்லன் காய்ச்சி அடித்த அரிவாள் விழுந்தால் வாய் மழுங்கும், உடையாது. முன்னது உருக்கி ஊற்றியது, பின்னது அடித்து இழைத்தது. அதை அவர் மறக்கவில்லை. "அடிச்ச சக்கரம் எப்படி ஐயா உடையும்?" என்பதே அவருடைய கேள்வி. விடை தேடப் புகுந்த நான் ஒரு நூற்றாண்டுக் கதைக்குள் போய் விழுந்தேன்.

கார்ச் சக்கரத்தில் அலுமினியம் பெயர் பெற்றது 1924 ஆகஸ்டில், பிரான்சின் லியோன் நகரத்துப் பந்தயத்தில். எத்தோரே புகாட்டி தம் டைப் 35 கார்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். கம்பி ஆரங்கள் கோத்த சக்கரங்களே வழக்கமாயிருந்த காலத்தில், அவருடைய கார்களில் தட்டையான எட்டு ஆரக்கால்களோடு வார்த்த அலுமினியச் சக்கரங்கள் சுழன்றன. பிரேக் உருளையும் சக்கரத்தோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருந்தது. அன்று டயர்கள் காலை வாரிவிட்டதால் வெற்றி கிட்டவில்லை. ஆனாலும் சக்கரம் இலகுவாயிருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பாதையில் ஊன்றிக்கொண்டது.

ஏன் இலகுவாயிருக்க வேண்டும்? காரின் உடல் வில்லுகளின் மேல் அமர்ந்திருக்கிறது. சக்கரம் வில்லுக்குக் கீழே இருக்கிறது. மேடு வந்தால் ஏறவும் பள்ளம் வந்தால் இறங்கவும் வேண்டியது சக்கரம்தான். கனத்த சக்கரம் மேட்டில் எகிறினால் தரைக்குத் திரும்பத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் டயருக்குத் தரையின் பிடி இல்லை. போதாக்குறைக்கு அது சுழலவும் வேண்டும். வட்டையில் கூடும் எடை, வேகமெடுக்கும்போதும் நிறுத்தும்போதும் இரட்டைச் சுமையாகிறது. இருக்கைக்கடியில் ஒரு கிலோவைக் குறைப்பதும் வட்டையில் ஒரு கிலோவைக் குறைப்பதும் ஒன்றல்ல.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியாவில் டெட் ஹாலிபிராண்ட் என்பவர் பந்தயக் கார்களுக்கு மக்னீசியத்தில் சக்கரம் வார்த்தார். விமானத் தொழிற்சாலை அனுபவம் உள்ளவர். அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்றால் மக்னீசியத்தினுடையது 1.74. இண்டியானாபொலிஸ் பந்தயங்களில் 1950களில் அவருடைய சக்கரங்கள் கொடிகட்டிப் பறந்தன. ஆனால் மக்னீசியம் உப்புக்கும் ஈரத்துக்கும் அரித்துப்போகும். தீப்பற்றினால் அணைப்பதும் அரிது. ஆகவே தெருவில் ஓடும் கார்களுக்கு அலுமினியமே பெரும்பாலும் நிலைத்தது, பெயர் மட்டும் மக்னீசியத்தினுடையதாகத் தங்கிவிட்டது. நம்மூர் பைக் கடைகளில் இன்றும் 'மேக் வீல்' என்கிறார்கள் அல்லவா, அந்த 'மேக்' மக்னீசியத்தின் தலைச்சொல்தான். உள்ளே இருப்பது அலுமினியம். பொருள் போனபின்னும் சொல் நிற்பது மொழியில் புதிதல்ல.

இவை எல்லாம் வார்த்தவை. அடித்தவற்றின் கதை போர்க்களத்தில் தொடங்குகிறது. விமானங்களுக்குப் பெரிய இலகு உலோகப் பாகங்கள் செய்ய ஜெர்மனி பிரம்மாண்டமான அழுத்து இயந்திரங்களைக் கட்டியிருந்தது. போர் முடிந்ததும் அவற்றில் மிகப் பெரியதான முப்பதாயிரம் டன் இயந்திரத்தைச் சோவியத் படைகள் பெயர்த்துக்கொண்டு போயின. அமெரிக்கா சும்மா இருக்குமா? 1950இல் தன் விமானப்படையின் பெயரில் ஒரு பெருந்திட்டம் வகுத்துப் பத்து இயந்திரங்களைக் கட்டியது. அவற்றுள் இரண்டு ஐம்பதாயிரம் டன் விசையுடையவை. அதற்கும் முன்பே, 1948இல், அல்கோவா நிறுவனம் அடித்துச் செய்த அலுமினியச் சக்கரத்தை லாரிகளுக்காகக் கொண்டுவந்துவிட்டது. அழகு கருதி அல்ல. சக்கரத்தில் குறையும் எடைக்குச் சரக்கு ஏற்றலாமே என்ற கணக்கு.

கொல்லன் சம்மட்டியால் செய்வதை இந்த இயந்திரம் ஒரே அமுக்கில் செய்கிறது, அவ்வளவே. சூடேற்றிய அலுமினியக் கட்டி உருகாமல், குழைந்து, அச்சுக்குள் பாய்கிறது. அப்படிப் பாயும்போது உலோகத்தின் உள்ளிழை ஆரக்காலின் போக்கிலேயே நீள்கிறது. வார்ப்பில் குளிரும்போது சிறு குமிழிகளும் துளைகளும் உள்ளே தங்கிவிடலாம். அடிப்பில் அவை நசுங்கி மூடிக்கொள்கின்றன. சக்கரத்துக்கு வழக்கமாகப் பயன்படும் 6061 என்னும் அடிப்புக் கலவை முறிவதற்கு முன் ஏறக்குறைய பத்து விழுக்காட்டுக்கு மேல் நீளும். வார்ப்புக் கலவைகள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து விழுக்காடு. அடித்தது முதலில் வளையும், வார்த்தது முதலில் பிளக்கும். வளைந்த சக்கரம் ஸ்டியரிங்கில் அதிர்ந்து ஓட்டுபவருக்குச் சொல்லிவிடும். பிளந்த சக்கரம் சொல்லிக்கொண்டு போவதில்லை.

தெருவுக்கான விளையாட்டுக் காருக்கு அடித்த சக்கரம் வந்தது ஜெர்மனியில்தான். மைனர்ட்ஸ்ஹாகன் என்ற சிற்றூரில் 1910இல் தொடங்கப்பட்ட ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் இலகு உலோக அடிப்பில் கைதேர்ந்தது. அதனிடம் போர்ஷே நிறுவனம் 1960களின் நடுவில் தன் புதிய 911 எஸ் காருக்குச் சக்கரம் கேட்டது. போர்ஷேயின் வடிவமைப்புக் கூடத்தைச் சேர்ந்த ஹைன்ரிஷ் கிளீ ஐந்து இதழ் விரிந்த பூவைப் போல ஒரு வடிவத்தைச் செதுக்கித் தந்தார். 1966இல் விற்பனைக்கு வந்த அந்தச் சக்கரம் எஃகுச் சக்கரத்தைவிட இரண்டு மூன்று கிலோ எடை குறைவு. இதழ்களின் இடைவெளி பிரேக்குக்குக் காற்றும் விட்டது. முதலில் அழுத்தி அச்செடுத்து, பிறகு ஓரத்தைப் பிளந்து உருட்டி வட்டையாக விரிக்கும் அந்த வேலை பல கட்டங்கள் கொண்டது. விலை அதிகம்தான், ஆனால் 911 எஸ் வாங்குகிறவர் அதைப் பொருட்படுத்துபவர் அல்லர். 1980களின் இறுதிவரை 911இன் முகம்போலவே அந்தச் சக்கரம் நிலைத்தது. அதே பூவை வார்ப்பில் செய்த போலிகளும் பின்னாலேயே வந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்று. தராசில் வைத்தால் வேறு.

ஜப்பானின் பங்கு இதைவிடச் சுவையானது. 1989இல் மஸ்டா நிறுவனம் ரோட்ஸ்டர் என்ற சிறிய இருவர் காரை வெளியிட்டது. ஒரு டன்னுக்கும் குறைவான எடை, நடுத்தர ஊதியக்காரருக்கும் எட்டும் விலை. என் மாணவர் பழையதாக வாங்கி வைத்திருப்பதும் அதுதான். இத்தகைய கார்களை வைத்திருந்த இளைஞர்கள் ஃபுக்ஸ் விலை கொடுக்க இயலாதவர்கள். ஆனால் எடையின் அருமை அறிந்தவர்கள். அவர்களுக்கான சந்தையில் 1996இல் ரேஸ் நிறுவனம் டிஇ37 என்ற ஆறு ஆரக்கால் சக்கரத்தைக் கொண்டுவந்தது. பெயரிலுள்ள 37, பதினைந்து அங்குல விட்டமும் ஆறு அங்குல அகலமும் உள்ள சக்கரத்தின் எடையான 3.7 கிலோவைக் குறிக்கிறது. எடையையே பெயராகச் சூட்டிக்கொண்ட பொருள் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. அதே அளவுள்ள வார்ப்புச் சக்கரங்கள் பொதுவாக ஆறேழு கிலோ நிறுக்கும்.

அடித்த சக்கரம் ஏன் விலை கூடியது? உலோகத்துக்காக அன்று, அச்சுக்காகவும் அழுத்து இயந்திரத்துக்காகவும். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எஃகு அச்சு வெட்ட வேண்டும், அதற்கான செலவை ஆயிரக்கணக்கான சக்கரங்களில் பரப்பினால்தான் கட்டுப்படியாகும். இந்த முடிச்சை அவிழ்த்தது கணினி. பொதுவான ஒரே அச்சில் கனத்த வட்டத் தட்டாக அடித்துக்கொண்டு, விரும்பிய வடிவத்தைச் சிஎன்சி இயந்திரத்தால் குடைந்தெடுக்கும் முறை பரவியது. தட்டில் பெரும்பகுதி சீவலாகவே போகிறது. அப்படி இருந்தும் தனி அச்சு தேவையில்லை என்பதால் விலை இறங்கியது. சீனத் தொழிற்கூடங்கள் இதில் இறங்கியபின் இன்னும் இறங்கியது. ஆனால் குடையும்போது உள்ளிழை ஆங்காங்கே அறுபடுகிறது. அச்சிலேயே ஆரக்கால் உருப்பெற்ற சக்கரத்துக்கும் தட்டிலிருந்து குடைந்த சக்கரத்துக்கும் 'அடித்தது' என்ற ஒரே பெயர் பொருந்தினாலும் பொருள் முழுக்க ஒன்றல்ல.

இன்னொரு முறையும் உண்டு. முதலில் வார்த்துவிட்டு, சூடாக இருக்கும்போதே வட்டையை மட்டும் உருளைகளால் அழுத்தி நீட்டுவது. ஃப்ளோ ஃபார்மிங் என்பார்கள். வட்டை மெலிந்து வலுப்பெறும். ஆரக்காலும் குடமும் வார்ப்பாகவே இருக்கும். நேர்மையான, மலிவான, நல்ல முறை. வம்பு எங்கே வருகிறதென்றால், சில வணிகர்கள் இதையே 'ரோட்டரி ஃபோர்ஜ்டு' என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். மாணவர் அனுப்பிய விற்பனைப் பக்கத்தைப் பெரிதாக்கிப் படித்தபோது அந்தச் சொற்கள்தாம் இருந்தன. அவருடைய கண் இரண்டாம் சொல்லை மட்டும் படித்திருக்கிறது. விரிசல் விழுந்ததும் வார்ப்பாக விடப்பட்ட ஆரக்காலில்தான்.

"அப்ப முத்திரை போட்டிருந்துச்சே ஐயா?" என்று கேட்டார். ஜப்பானில் இலகு உலோகச் சக்கரத்துக்கு ஜேடபிள்யூஎல் என்ற முத்திரை வேண்டும். இல்லையென்றால் காருக்கான அரசுச் சோதனையில் தேறாது. சக்கரத்தை வளைத்து வளைத்துச் சோர்வடையச் செய்வது, சுமையேற்றி உருட்டுவது, மேலிருந்து எடையைப் போட்டு மோதுவது என மூன்று சோதனைகளை அது குறிக்கிறது. ஆனால் அந்தச் சோதனையைச் செய்து முத்திரையிடுபவர் உற்பத்தியாளரே. வெளியார் சோதித்துப் பதிவு செய்ததற்கு விஐஏ என்ற வேறொரு முத்திரை உண்டு. அவருடைய சக்கரத்தில் முன்னது இருந்தது, பின்னது இல்லை.

மலிவில் அடித்த சக்கரம் வேண்டும் என்பவருக்கு என் வாசிப்பில் தென்பட்ட வழிகள் சிலவே. பெரிய நிறுவனங்கள் தம் கார்களிலேயே பூட்டி விற்ற அடிப்புச் சக்கரங்கள் பழைய பொருளாகக் கிடைக்கும். ஹோண்டா என்எஸ்எக்ஸ் 1990இல் வந்தபோது அத்தகைய சக்கரங்களோடுதான் வந்தது. ஆனால் அவை எல்லாக் காருக்கும் பொருந்துவதில்லை. ரோட்ஸ்டரின் நான்கு போல்ட்டுகளும் நூறு மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்தவை, என்எஸ்எக்ஸினுடையவை ஐந்து. பழைய டிஇ37 போன்றவற்றைச் சாயம் பூசி விரிசல் தேடும் சோதனைக்கு உட்படுத்தி வாங்குவது இன்னொரு வழி. இரண்டும் கூடாவிட்டால், சான்றுள்ள ஃப்ளோ ஃபார்மிங் சக்கரத்தை அதன் உண்மைப் பெயர் சொல்லி விற்பவரிடம் வாங்கலாம். சான்றில்லாத அடிப்பைவிடச் சான்றுள்ள வார்ப்பு மேல் என்பது என் துணிபு. பொறியாளர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

தை மாதம் அவர் மறுபடி அழைத்தார். பழைய பொருள் கடையொன்றில் பதினைந்து அங்குல அடிப்புச் சக்கரங்கள் நான்கு கிடைத்தனவாம். சாயமடித்துப் பார்த்ததில் மூன்று தேறின. நான்காவதற்காக இன்னும் இரண்டு மாதம் காத்திருந்திருக்கிறார், அதுவரை எஃகுச் சக்கரத்தில் ஓட்டிக்கொண்டு. "அந்தப் பழைய நாலையும் என்ன செய்தாய் தம்பி? விற்றுவிட்டாயா?" என்று கேட்டேன்.

"இல்ல ஐயா. ரம்பம் வாடகைக்கு எடுத்து நாலையும் குறுக்கால அறுத்துட்டுத்தான் பழைய உலோகக் கடையில போட்டேன். அப்படியே போட்டா யாராச்சும் துடைச்சு வித்துருவாங்க."

அறுபட்ட ஆரக்காலின் படம் ஒன்றையும் அனுப்பினார். வெட்டுவாயில் ஊசி குத்தியது போல இரண்டு மூன்று சிறு துளைகள் தெரிந்தன.