கம்ப்ரஸர் மசகும் பாதுகாப்பும்

சில்லர் எனப்படும் நீர்குளிர்விக்கும் யந்திரத்தின் கம்ப்ரஸரில், பேரிங் முதலிய உராயும் உறுப்புகளுக்கு இடையறாது மசகெண்ணெய் அளித்து, அது தவறும் சமயத்தில் யந்திரத்தைத் தானே நிறுத்திவிடும் ஏற்பாடுகளின் தொகுதி இதுவாகும். ஸ்குரூ வகையில் எண்ணெயானது ரோட்டர்களின் இடைவெளியை அடைத்து, அமுக்கத்தால் எழும் உஷ்ணத்தையும் ஏந்திச் செல்லும்.

எண்ணெயின் தேர்வு குளிர்பதன வாயுவைச் சார்ந்தது. கனிம எண்ணெய் அம்மோனியாவில் கரையாது. திரவ அம்மோனியாவினும் கனமாதலின் ஆவியாக்கியின் அடியில் தங்க, அங்கிருந்து வடிக்கப்படும். ஆர்-12 வாயுவோ அவ்வெண்ணெயோடு நன்கு கலந்தது. 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் அதன் ஸ்தானத்தைப் பெற்ற ஆர்-134ஏ அவ்வாறு கலவாமையால், பாலியால் எஸ்டர் எண்ணெய் வழக்கத்துக்கு வந்தது. இது ஈரத்தை விரைந்து ஈர்ப்பதாகையால் டின்னைத் திறந்து வைத்தலாகாது.

பெரும் அபாயம் யந்திரம் ஓய்ந்திருக்கும்போதே தொடங்குகிறது. குளிர்ந்த கிராங்க் கேஸை நாடிவந்த வாயு எண்ணெயில் கரைந்து கிடந்து, துவக்கிய கணத்தில் அழுத்தம் வீழ்ந்ததும் கொதித்தெழ, கண்ணாடிச் சாளரத்தில் வெண்ணுரை பொங்கும். பம்ப் நுரையை உறிஞ்ச, பேரிங்குகள் வறண்டுபோகும். இதைத் தடுக்கவே ஓய்விலும் கிராங்க் கேஸ் ஹீட்டர் இயங்க விடப்படுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த அதை அணைப்பது தகாத சிக்கனம்.

பம்ப் அழுத்தத்துக்கும் கிராங்க் கேஸ் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து, ஏறக்குறைய 90 முதல் 120 விநாடி வரை நீடித்தால், எண்ணெய் அழுத்த ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்தும். காரணம் ஆராயாது அதன் ரீசெட் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவது பேரிங்குகளுக்கே நாசம். உயரழுத்த, தாழழுத்தக் கட்-அவுட்டுகளும் உடனுண்டு. காந்தப் பேரிங் கொண்ட சென்ட்ரிஃபூகல் கம்ப்ரஸர்களுக்கு எண்ணெயே வேண்டுவதில்லை.