தண்டவாளத்தைக் கடந்த ஒற்றையடிப் பாதைகள்

இரயில் வருவதற்கு முன்பே ஒரு நாட்டில் மக்கள் நடந்து பழகிய வழிகள் இருக்கின்றன. இரும்புப் பாதை அவற்றின் குறுக்கே வந்து அமையும்போது, யாருக்கு யார் வழிவிடுவது என்ற கேள்வி எழுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தக் கேள்விக்கு என்ன விடை கிடைத்தது என்பதை இன்று ஆராய்வோம்.

மலாயாவின் முதல் இரயில் 1885-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. அடுத்த ஆண்டே கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை பாதை திறக்கப்பட்டது. அதுவரை சிலாங்கூர் ஈயம் மாட்டு வண்டியிலும் ஆற்றுப் படகிலுமே கடற்கரைக்குச் சென்றது. 1890-இல் ஆற்றைக் கடந்து கிள்ளான் நகரை எட்டிய தண்டவாளம், பின்னர் 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தோடு இணைந்தது. இன்று அதுவே கிள்ளான் துறைமுகம்.

1881-ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பின், செங்கல் சூளைகள் பெருகிய இடமே பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கு இரயில்வேயின் பணிமனைகளும் குடியிருப்புகளும் எழுந்தன. தண்டவாளத்தைப் பராமரித்த கூலிகளில் பெரும்பாலோர் தமிழ்நாட்டினர். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் இலங்கைத் தமிழர் பலர் வந்தனர். பாதையின் இருபுறமும் ரப்பர் தோட்டங்கள் வளர்ந்தன. லயன் ஒரு பக்கம், கடையும் பள்ளியும் மறு பக்கம் என்று அமைந்துவிட்டால் மக்கள் என்ன செய்வார்கள்? சடக்கைச் சுற்றிப் போக நேரமில்லாதவர்கள் தண்டவாளத்தைத் தாண்டினார்கள். கால்பட்ட இடத்தில் புல் தேய்ந்து பாதையாயிற்று.

இரயிலை நமக்குத் தந்த இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கு 1845-ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம் ஒரு கடமையை விதித்தது. பொது நடைபாதையைத் தண்டவாளம் சமதளத்தில் கடக்குமானால், கம்பெனி இருபுறமும் கதவோ ஏறிக் கடக்கும் படியோ அமைக்க வேண்டும். குதிரைப் பாதையானால் கதவு வைத்தே தீர வேண்டும். மேலும், 1932-இல் வந்த சட்டப்படி, மக்கள் இருபது ஆண்டுகள் தடையின்றி உரிமையோடு நடந்த வழி பொதுவழியாகவே கருதப்படும். நில உரிமையாளர் அப்படி விடும் எண்ணம் தமக்கு இல்லை எனக் காட்டினால்தான் அது மாறும்.

நம் நாட்டில் நில உரிமை பதிவேட்டைச் சார்ந்தது. நீண்ட காலம் நடந்ததால் மட்டும் பிறர் நிலத்தின்மீது வழியுரிமை பிறக்காது என்று 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. வழி வேண்டுமானால் அது முறைப்படி வழங்கப்பட வேண்டும். நில நிர்வாகி பொதுவழி ஏற்படுத்தவும் அச்சட்டத்தில் இடமுண்டு. ஆகவே தாத்தா நடந்தார், அப்பா நடந்தார் என்பது நம் நினைவுக்குச் சான்றாகலாம்; சட்டத்திற்கு அது போதாது. அங்கே வழிப்போக்கன் எனப்பட்டவன் இங்கே அத்துமீறியவன் ஆனான்.

1995-இல் கொமுட்டர் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. பாதை இரட்டையாயிற்று, மேலே 25,000 வோல்ட் மின்கம்பி, ஓரத்தில் வேலி. புகை கக்கி, ஓசையெழுப்பி வந்த பழைய இரயிலைத் தூரத்திலேயே அறியலாம். மின்சார இரயிலோ ஓசை குறைந்தது, அடிக்கடி வருவது. ஆகவே வேலி தேவையே. அது உயிர்களைக் காக்கிறது. ஆனால் மேம்பாலம் வெகுதூரத்தில் இருந்தால், முதியவரும் குழந்தையைச் சுமந்த தாயும் என்ன செய்வார்கள்? வேலியில் ஒரு துளையைக் கண்டால், அதைச் செய்த கையை மட்டும் பழிக்காமல், அருகில் வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் அகலப் பாதைகளில் இருந்த ஆளில்லாக் கடவுகள் அனைத்தும் 2019 ஜனவரியோடு நீக்கப்பட்டன. பலவற்றுக்குப் பதிலாகக் காவலாளியோ சுரங்கப்பாதையோ வந்ததால்தான் அது இயன்றது. மூடுவதும் திறப்பதும் ஒன்றாக நடந்தால் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை இது காட்டுகிறது.

நேயர்களே! நடைவழி சிறியதுதான். ஆயினும் ஒரு குடியிருப்புக்கும் அதன் பள்ளிக்கும் கோயிலுக்கும் இடையிலான தொடர்பு அதுவே. பழக்கம் தானே உரிமையாகாத நாட்டில், வழி வேண்டுவோர் அதைக் கேட்டுப் பெற வேண்டும். பாதை அமைப்போரும் வரைபடத்தை விரிக்குமுன் அந்த மண்ணில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.