வலது கரையில் பசுமை – 9: புகைக்கு விலை வைத்தவர்கள்

குவிபெக் நகர மேடையில் அமெரிக்க அதிபர் ரீகனும் கனடா பிரதமர் பிரையன் மல்ரோனியும் சேர்ந்து ஐரிஷ் பாட்டுப் பாடியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். 1985 மார்ச் 17. இருவரும் ஐரிஷ் வம்சாவளி, இருவரும் வலதுசாரிகள். ஆனால், மல்ரோனிக்கு அந்த நட்பால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அமில மழையை நிறுத்த வேண்டும்.

ரீகன் என்ன செய்தார்? ஆளுக்கொரு சிறப்புத் தூதரை நியமித்து ஆராயச் சொல்லலாம் என்று இருவரும் முடிவெடுத்தார்கள். 1986 ஜனவரியில் தூதர்களின் அறிக்கை வந்தது. அமில மழை உண்மையான பிரச்சினை என்று ஒப்புக்கொண்டது. நிலக்கரியைச் சுத்தமாக எரிக்கும் தொழில்நுட்பத்துக்கு 500 கோடி டாலர் செலவிடச் சொன்னது. புகையின் அளவுக்கு மட்டும் எந்த வரம்பும் வரவில்லை.

அந்தப் புகை எங்கிருந்து வந்தது?

ஓஹயோ ஆற்றுப் படுகையில் வரிசையாக நின்ற அனல் மின் நிலையங்களிலிருந்து. அங்கே எரிந்தது கந்தகம் மிகுந்த நிலக்கரி. குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் 1970இல் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டம், அந்தந்த ஊர்க் காற்றில் எவ்வளவு மாசு இருக்கலாம் என்று அளவு வைத்தது. பல நிறுவனங்கள் புகைபோக்கிகளை வானளாவ உயர்த்திக் கட்டின. உள்ளூர்க் காற்று தேர்வில் தேறியது. சல்ஃபர் டை ஆக்சைடோ காற்றோடு நூற்றுக்கணக்கான மைல் போய், நியூயார்க்கின் அடிரோண்டாக் மலைகளிலும் கனடாவின் ஏரிகளிலும் அமிலமாக இறங்கியது.

அடிரோண்டாக் ஏரிகள் சில கண்ணாடியாகத் தெளிந்திருந்தன. உயிர் அற்றுப்போனதால் வந்த தெளிவு அது. மழையில் வந்த அமிலம் மண்ணிலிருந்த அலுமினியத்தைக் கரைத்து ஏரியில் சேர்த்தது. அது செவுள்களில் படிய, மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தன. வசந்தத்தில் பனி உருகும்போது, குளிர்காலம் முழுக்கச் சேர்ந்திருந்த அமிலம் ஒரேயடியாகத் தண்ணீரில் கலக்கும். மீன் குஞ்சுகள் அதைத் தாங்கவில்லை.

அமில மழை பற்றிய மசோதாக்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்து வந்து மடிந்தன. இன்னும் ஆராய வேண்டும் என்பதே ரீகன் அரசின் பதிலாக இருந்தது.

அவருடைய துணை அதிபர் வேறு மாதிரி பேசத் தொடங்கினார். 1988 தேர்தலில் ஜார்ஜ் புஷ், தன்னைச் சுற்றுச்சூழல்வாதி என்றே அறிவித்தார். வெற்றி பெற்றதும், உலக வனவிலங்கு நிதியத்தின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராக இருந்த வில்லியம் ரெய்லியைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குத் தலைவராக்கினார். அமில மழையைக் குறைப்பதாக வாக்குக் கொடுத்தாயிற்று, மின் கட்டணம் எகிறாமல் அதை நிறைவேற்றுவது எப்படி?

விடைக்கான விதையைப் போட்டவர் ஒரு கனடாக்காரர். டொரன்டோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜே. எச். டேல்ஸ், மாசுபடுத்தும் உரிமையையே எண்ணிக்கை வைத்து விற்கலாம் என்று 1968இல் எழுதியிருந்தார். இருபது ஆண்டு கழித்து, வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் பாய்டன் கிரே அந்த வழியைக் கையில் எடுத்தார். பழுத்த பழமைவாதி. அவருக்குத் தோள்கொடுத்தது ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு: சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம். அங்கிருந்த பொருளாதார நிபுணர் டேனியல் டூடெக் திட்டத்தை வகுக்க உதவினார்.

1989 ஜூன் 12 அன்று புஷ் திட்டத்தை அறிவித்தார். சல்ஃபர் டை ஆக்சைடு 1980இல் இருந்த அளவைவிட 1 கோடி டன் குறைய வேண்டும். நாடு மொத்தத்துக்கும் ஓர் உச்சவரம்பு. ஒரு டன்னுக்கு ஓர் அனுமதிச் சீட்டு. ஆண்டு முடிவில், வெளியிட்ட புகைக்குரிய சீட்டுகளை ஒவ்வொரு நிலையமும் ஒப்படைத்தாக வேண்டும். கந்தகத்தை வடிக்கும் ஸ்க்ரப்பர் பொருத்துவதா, கந்தகம் குறைந்த வயோமிங் நிலக்கரிக்கு மாறுவதா, மின்சாரத்தைச் சிக்கனமாக்குவதா என்பது நிலையத்தின் விருப்பம். குறைந்த செலவில் அதிகம் குறைத்தவர் மிஞ்சிய சீட்டை விற்கலாம்; முடியாதவர் வாங்கிக்கொள்ளலாம். இலக்கு அரசினுடையது, வழி அவரவருடையது.

இது பாவம் செய்ய உரிமம் கொடுப்பது என்று பல பசுமை அமைப்புகள் கொதித்தன. சீட்டுகளின் மொத்த எண்ணிக்கைக்குச் சட்டமே பூட்டுப் போடுகிறது என்பதை அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பேன். சந்தை மட்டும் இருந்திருந்தால் ஓர் ஏரிகூடப் பிழைத்திருக்காது. உச்சவரம்பை ஏற்க ஒரு வலதுசாரி அதிபர் துணிந்ததுதான் இந்தக் கதையின் திருப்பம்.

மசோதா செனட்டுக்கு வந்தது. அதற்குச் சற்று முன்புதான் பெரும்பான்மைத் தலைவர் பதவி கைமாறியிருந்தது. பழையவர் ராபர்ட் பெர்ட், நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாக்காரர். புதியவர் ஜார்ஜ் மிட்செல், காற்று கொண்டுவரும் அமிலம் விழுகிற மெய்ன் மாநிலத்தவர். எதிர்க்கட்சிக்காரரான மிட்செல், வெள்ளை மாளிகைப் பிரதிநிதிகளோடு கதவை அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பேசி, 1990 மார்ச் 1 அன்று உடன்பாடு கண்டார். அதைக் குலைக்கும் எந்தத் திருத்தத்தையும் எதிர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தார்.

பெர்ட் எழுந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி வீட்டில் வளர்ந்தவர். நிலையங்கள் வயோமிங் நிலக்கரிக்கு மாறினால், கிழக்கே சுரங்கங்கள் மூடப்படும். வழியை அவரவர் தேர்ந்துகொள்ளலாம் என்ற சுதந்திரத்துக்கு விலை கொடுக்கப்போவது அந்தச் சுரங்கத் தொழிலாளிதான். வேலை இழப்போருக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று அவர் திருத்தம் கொண்டுவந்தார். அவர் கேட்டது நியாயம். புகைக்கு விலை வைப்பவர்கள் அந்தத் தொழிலாளியின் பிழைப்பையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

ஆனால், திருத்தம் நிறைவேறினால் புஷ் வீட்டோ செய்வார் என்று வெள்ளை மாளிகை எச்சரித்தது. அப்படி நடந்தால், தொழிலாளிக்கும் ஒன்றுமில்லை, ஏரிக்கும் ஒன்றுமில்லை. பெர்ட் ஒவ்வோர் உறுப்பினராகப் பார்த்து ஆதரவு திரட்டினார். மிட்செல் தன் சொந்தக் கட்சியின் பழைய தலைவரையே எதிர்த்து நின்றார்.

1990 மார்ச் 29. செனட்டில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. அன்றைய முடிவு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அமைந்தது. வென்றவர் பெர்டா, மிட்செலா? கடைசி நேரத்தில் மனம் மாறிய அந்த உறுப்பினர் யார்? பிற்காலத்தில் அமெரிக்க அதிபராகவே ஆன அவரை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)