தேவாலயத்து டிராம்போன்

உதட்டின் அதிர்வினால் ஒலிக்கும் பித்தளைக் குழல்கள் யாவற்றுக்கும் இயற்கை விதித்த எல்லை ஒன்று உண்டு: குழலின் நீளம் மாறாதவரை, குறிப்பிட்ட விகிதங்களில் அமைந்த சில ஸ்வரங்களே அதிலிருந்து பிறக்கும், இடையிலுள்ளவை எவ்வளவு முயன்றாலும் செவ்வையாக வாரா. பதினைந்தாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கைவினைஞர், ஒரு குழலின்மேல் மற்றொரு குழல் வழுக்கிச் செல்லுமாறு அமைத்து, வாசிப்பவர் தம் வலக்கையை நீட்டியும் மடக்கியும் குழலின் நீளத்தையே மாற்றிக்கொள்ளும்படி செய்து, இந்த எல்லையைக் கடந்தார்கள். இன்றைய டிராம்போனில் இவ்வழுக்குக் குழலுக்கு ஏழு நிலைகள். கை ஒரு நிலை முன்னே செல்லச் செல்ல ஸ்ருதி அரை ஸ்வரம் இறங்கும். நிலைகளைக் காட்டும் குறி எதுவும் குழலில் இல்லை. வித்வானின் காதே பிரமாணம். நியூரம்பர்க் நகரில் எராஸ்மஸ் ஷ்னிட்சர் 1551-ல் செய்த டிராம்போன் அவ்வூர்ப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. வாய் குறுகியிருப்பது முதலிய சில வேற்றுமைகளை நீக்கிப் பார்த்தால், இன்றைய வித்வான் தயக்கமின்றிக் கையில் எடுத்து வாசிக்கக்கூடிய அமைப்பே அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்வு தோன்றி, மற்றப் பித்தளை வாத்தியங்களின் உருவத்தையே மாற்றியபோதும், டிராம்போன் பெரும்பாலும் தன் வழுக்குக் குழலை விடாமல் வைத்துக்கொண்டது. அது நல்லதே ஆயிற்று என்பது என் துணிபு.

எந்த ஸ்வரத்தையும் நுட்பமாகத் தொடவல்ல இக்குழல் மனிதக் குரலோடு இழைந்து நின்றமையால், தேவாலயங்கள் அதைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டன. வெனிஸ் நகரத்து ஸான் மார்க்கோ ஆலயத்தில் ஆர்கன் வாசித்த ஜோவானி காப்ரியேலி 1597-ல் வெளியிட்ட ஸொனாட்டா ஒன்றில், எட்டு வாத்தியங்களில் ஆறு டிராம்போன்களே. ஆனால் இந்தப் புனிதமே பின்னர் அதற்கு வேலியுமாயிற்று. நாடக மேடையில் தெய்வமும் ஆவியும் தோன்றும் கட்டங்களுக்கே அதை அழைத்தார்கள். 1787-ல் மோஸார்ட் தமது ‘டான் ஜோவானி’யில் இடுகாட்டுச் சிலை பேசும் இடத்தில் டிராம்போன்களை முழங்கவைத்தது அம்மரபின்படியே. ஸிம்பனியில் அது நிலையான இடம் பெற, 1808 டிசம்பரில் பீத்தோவனின் ஐந்தாம் ஸிம்பனி வியன்னாவில் அரங்கேற வேண்டியிருந்தது. அதிலும் இறுதிப் பகுதியில்தான் அது வாய் திறக்கிறது.

அந்த முழக்கத்தைக் காட்டிலும் என் நெஞ்சைத் தொடுவது, 1812-ல் லின்ஸ் நகருக்குச் சென்றிருந்த பீத்தோவன், அவ்வூர்ப் பேராலயத்துச் சங்கீதத் தலைவர் க்ளோக்லின் வேண்டுகோளுக்கிணங்கி, இறந்தோரை நினைவுகூரும் திருநாளுக்காக நான்கு டிராம்போன்களுக்கு எழுதிக் கொடுத்த சிறு கீதங்களே. ஆடம்பரம் ஏதுமின்றி, நான்கு குரல்கள் கூடிப் பிரார்த்திப்பது போன்ற அவற்றை, 1827 மார்ச்சில் அவருடைய சவ ஊர்வலத்திலேயே, ஸைஃப்ரீட் என்பவர் பாடகர்களுக்கும் ஏற்றவாறு அமைத்துக் கொடுக்க, வியன்னா நகரம் கேட்டது.

இதே வழக்கம் கடல் கடந்தும் வேரூன்றியது. பென்ஸில்வேனியாவில் பெத்லெஹேம் என்னும் ஊரை நிறுவிய மொரேவியக் கிறிஸ்தவர்கள் 1754-ல் ஐரோப்பாவிலிருந்து டிராம்போன்களை வரவழைத்து, சபையில் ஒருவர் இறந்தால் அச்செய்தியை அவற்றின் மூலமே ஊருக்கு அறிவித்தனர். குழந்தைகள், மணமாகாதோர், மணமானோர், கைம்பெண்கள் என ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி மெட்டு இருந்தபடியால், பெயர் தெரியுமுன்னரே எந்தப் பிரிவில் இழப்பு நேர்ந்தது என்பதைக் கேட்டவர் அறிந்துகொண்டனர். ஈஸ்டர் வைகறையில் ஊரைத் துயிலெழுப்பியதும் அதே டிராம்போன்கள்தாம்.