தீர்ப்புக்கு முந்திய தீர்ப்பு

மயிலிட்டிக் கரைக்கு வடக்கே, கடலுக்கு அப்பால் தமிழகம். அங்கிருந்து எழுந்த எம். கே. தியாகராஜ பாகவதரின் இசையை ஈழத்தவரும் விரும்பிக் கேட்டனர்.

1944 நவம்பரில் சென்னையில் இலட்சுமிகாந்தன் கொலையுண்டார். நடிகர்தம் அந்தரங்கங்களை 'இந்துநேசன்' ஏட்டில் வம்பாக அச்சிட்டவர் அவர். அவ்வழக்கில் பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். இலண்டன் பிரிவிக் கவுன்சில் வழக்கைத் திருப்பியனுப்ப, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

கலைவாணர் மீண்டும் திரையில் வென்றார். பாகவதருக்கோ, 1959இல் மறையும்வரை, பழைய செல்வாக்குத் திரும்பவில்லை.

நேயர்களே! நீதிமன்றத் தீர்ப்புக்கு மேன்முறையீடு உண்டு. ஊர்வாயின் தீர்ப்புக்கு இல்லை. குற்றம் எண்பிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதியே என்று இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கூறுகின்றது. அதனை நினைவிற் கொள்ளவேண்டியவர் நீதிபதி மட்டுமல்லர்; செய்தி எழுதுவோரும் அதனைக் கேட்போராகிய நாமுமே.