பாலைவனத்திற் கண்ட இரு கனவுகள்

மலினமானவை என்று நாம் ஒதுக்கிவிடும் நாவல்களை இலட்சக்கணக்கானோர் ஏன் விரும்பி வாசித்தனர் என்ற வினாவை இலக்கிய வரலாற்றாசிரியர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. எழுப்பினாலும், ஆண்கள் வாசித்தவற்றை 'வீரசாகசம்' என்று சற்றுக் கௌரவமாகவும், பெண்கள் வாசித்தவற்றைப் 'பிதற்றல்' என்று ஏளனமாகவும் பிரித்துவிடுகின்றனர். இப்பிரிவினை எத்துணை நியாயமானது? முதலாம் உலகப் போரின் பின் இங்கிலாந்தில் ஐந்தாண்டு இடைவெளியில் வெளிவந்த இரு நாவல்களை அருகருகே வைத்து நோக்குவோம். இரண்டிற்கும் களம் சகாராப் பாலைவனமே.

முதலாவது, 1919இல் ஈ. எம். ஹல் என்ற பெண்மணி எழுதிய 'த ஷேக்'. 1921இல் வலன்ரீனோ நடித்த படமாகவும் வந்து பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. இரண்டாவது, 1924இல் பி. சி. ரென் எழுதிய 'போ ஜெஸ்ட்'. ரென், இந்தியக் கல்விச் சேவையிற் பணியாற்றியவர். நம்மிற் பலரைப் போல ஆசிரியத் தொழிலை அறிந்தவர்.

ரென்னின் கதையில் அநாதைகளான மூன்று சகோதரர்கள் செல்வந்தரான மாமியின் மாளிகையில் வளர்கின்றனர். நீலக்கல் ஒன்று களவுபோக, பழியைத் தம்மேற் போட்டுக்கொண்டு ஒருவர்பின் ஒருவராகப் பிரெஞ்சு அந்நியப் படையிற் சேர்ந்துவிடுகின்றனர். உண்மையில் மாமியே அக்கல்லை இரகசியமாக விற்றுவிட்டு, போலிக்கல்லை வைத்திருந்தாள். பிரபுக் குடும்பம் ஒன்றின் பணமுடையை மறைப்பதற்காக இரு இளைஞர் பாலைவனத்தில் மடிகின்றனர். அதற்குப் பெயர் மானம்! உயிர் பிழைத்த ஜோன் ஊர் திரும்புகையில் இஸபெல் காத்திருக்கிறாள். காத்திருப்பதைத் தவிர அவளுக்குக் கதையில் அதிக வேலையில்லை.

ஆயினும் இக்கனவை வெறும் பொய்யென்று தள்ளிவிட முடியாது. கோட்டையிலே செத்த சிப்பாய்களைத் துப்பாக்கியோடு சுவர்த்துளைகளில் நிறுத்திவைக்கும் காட்சியில் போரின் கொடூரம் கதைக்குள் கசிந்துவிடுகிறது. சொம் போர்க்களத்தில் உடலும் கிடைக்காமற் போனவர்களுள் 72,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் திப்வால் நினைவுச்சின்னத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வாறு பெயராக மட்டும் எஞ்சியவர்களின் தம்பிமார், மூத்தவனின் உடலுக்குத் தம்பி தீமூட்டி வீரனுக்குரிய ஈமக்கிரியை செய்யும் பக்கத்தை எவ்வாறு வாசித்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கலாம். இயந்திரத் துப்பாக்கி பறித்துவிட்ட தனிமனித மரணத்தை நாவல் திருப்பிக் கொடுத்தது.

ஹல்லின் நாயகி டயானா, தொடக்கத்தில் ஆண்களின் கனவையே காண்பவள். ஆண்பிள்ளை போல் வளர்ந்தவள், குதிரையேறுவாள், சுடுவாள், திருமணத்தை வெறுத்துப் பிஸ்க்ராவிலிருந்து பாலைவனத்திற்குப் புறப்படுகிறாள். நாவலோ அவளிடமிருந்து இவை யாவற்றையும் பறித்து, அவளை ஷேக்கின் கூடாரத்தில் அடைத்துவிடுகிறது. அவன் அவளைப் பலாத்காரம் செய்கிறான். அவளோ ஈற்றில் அவனைக் காதலிக்கிறாள். வன்முறையைக் காதலாக்கும் இப்பொய்யை நாம் மன்னிக்கவேண்டியதில்லை. ஆனால் அதை விரும்பி வாசித்த பெண்களின் நிலை யாது? 1918இல் வாக்குரிமை கிடைத்தது, ஆனால் முப்பது வயதை எட்டிய, சொத்துத் தகைமை உடையோர்க்கே. யுத்தத் தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மணம் முடித்தால் ஆசிரியைகள் பலர் வேலையை இழந்தனர். 1921ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் பெண்கள் ஆண்களைவிட 17 இலட்சத்துக்கும் அதிகமாக இருந்தனர். தன் இச்சையைத் தானே சொல்லிக்கொள்ளவும் அனுமதியற்ற பெண்ணுக்கு, கடத்தப்படுதல் என்பது பழியில்லாமல் இச்சையை நினைத்துப் பார்க்க ஒரு சாட்டாயிற்று.

ஆண்களின் கதையில் நாயகன் மாறுவதில்லை; வீட்டை விட்டு வெளியேறுகிறான், அவ்வளவே. பெண்களின் கதையிலோ மாறுபவன் ஆண். ஈவிரக்கமற்ற ஷேக், முடிவில் அவளுடைய நன்மைக்காகவே அவளைத் திருப்பியனுப்பத் துணிகிறான். உலகை மாற்ற வழியற்றவள், தன்னை ஆள்பவனையாவது மாற்றிக் காண்கிறாள். வெளியேறும் கனவைவிட இது ஒருவகையில் சமூக யதார்த்தத்துக்கு அண்மையில் நிற்கிறது என்றே நாம் கருதுகிறோம். ஏளனம் செய்த விமரிசகர்கள் இதனைக் காணவில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் இரு கனவுகளும் ஒன்றுபடுகின்றன. ரென்னின் அரேபியர் கோட்டையைச் சூழும் பெயரற்ற எதிரிகள். ஹல்லின் ஷேக்கோ ஆங்கிலப் பிரபு ஒருவரின் மகன் என்று கடைசியில் தெரியவருகிறது. அதன்பின்பே காதல் முறையாகிறது. 1830 முதல் 1962 வரை பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த அல்ஜீரியாவின் பெண்ணொருத்தியும் அக்கூடாரத்தில் இருக்கிறாள். டயானாவுக்குப் பணிவிடை செய்வதே அவளுக்கு அளிக்கப்பட்ட வேலை.