மரப்பட்டையில் எழுதிய காணி உறுதி

அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய கன்பராவிலே, பாராளுமன்றக் கட்டடத்தினுள், மரப்பட்டைகள் சில காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. பட்டையின் நடுவே தட்டச்சிற் பொறித்த கடதாசி ஒன்று ஒட்டப்பட்டிருக்கின்றது. அதன் நாற்புறமும் காவி, வெண்களிமண், கரி ஆகியவற்றால் விலங்குருவங்களும் நுண்ணிய குறுக்குக் கோடுகளும் தீட்டப்பட்டுள்ளன. பார்ப்போர் பலர், ‘ஆதிக்குடிகளின் கைவண்ணம் எவ்வளவு அழகு!’ என்று வியந்து அப்பாற் செல்வர். ஆனால், அவை வியப்பதற்காக வரையப்பட்டவை அல்ல. பறிபோகவிருந்த நிலத்தைக் காப்பதற்காக 1963ஆம் ஆண்டில் ஒரு மக்கட் கூட்டம் அரசுக்கு விடுத்த மனுக்கள் அவை. கடதாசியில் இருப்பது கோரிக்கை. சுற்றியிருக்கும் சித்திரமோ அக்கோரிக்கைக்கு ஆதாரமான உறுதி.

நம் ஊர்க் கமக்காரன் தன் காணியின் உறுதியைப் பெட்டகத்திலே பூட்டி வைக்கிறான். எழுத்தறியாத மக்களுக்கு உறுதி ஏது என்று கேட்டது ஏகாதிபத்தியம். அவர்கள் மரப்பட்டையை எடுத்துக் காட்டினார்கள். அதனைச் சித்திரம் என்று மெச்சியவர்கள், உறுதி என்று வாசிக்க மறுத்தார்கள். இந்த மறுப்பின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

கப்டன் குக் அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைப் பிரித்தானிய முடிக்கு உரியதென அறிவித்தது 1770இல். சிட்னியிலே குடியேற்றம் தொடங்கியது 1788இல். அந்நிலத்தில் மனிதர் வாழ்ந்தது ஆங்கிலேயருக்குத் தெரியாததன்று. உழுது பயிரிடாதவனுக்கு நிலத்தில் உரிமை இல்லை என்ற கொள்கை அவர்களுக்கு வாய்ப்பாக இருந்தது. எனவே ஒரு கண்டம் முழுவதும் உரிமையாளர் அற்ற வெறும் நிலமாகக் கணிக்கப்பட்டது. இக்கொள்கை நமக்கும் புதியதன்று. இலங்கையிலே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாயும் தரிசாயும் பயிரிடப்படாதும் கிடந்த நிலமெல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியதே என்று கொண்டது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் திரட்ட அது உதவியதை நம் மாணவர் அறிவர். அங்கும் இங்கும் ஆண்ட முடி ஒன்றே. கேட்ட கேள்வியும் ஒன்றே: ‘உறுதி எங்கே?’

‘வெறும் நிலம்’ எனப்பட்ட அந்தக் கண்டத்தின் குகைகளிலும் பாறைகளிலும் தீட்டப்பட்ட ஓவியங்கள் எண்ணற்றவை. மேற்கு அவுஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியிலுள்ள கங்காரு ஓவியம் ஒன்று ஏறத்தாழ 17,300 ஆண்டுப் பழமையுடையது என 2021இல் ஆய்வாளர் அறிவித்தனர். எகிப்தின் பிரமிட்டுகளுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்ட கலைமரபு அது.

வடகோடியில் உள்ள ஆர்னம் லாண்ட் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில் வாழும் யோல்ங்கு மக்களின் ஓவியமுறையை நோக்குவோம். மழைக்காலத்தில் யூக்கலிப்ரஸ் இன மரமொன்றிலிருந்து பட்டையை உரித்து, நெருப்பில் வாட்டி, பாரம் ஏற்றித் தட்டையாக்குவர். கல்லில் அரைத்த காவியும் களிமண்ணும் கரியும் வர்ணங்கள். மனித மயிரிழைகளாலான நீண்ட மெல்லிய தூரிகையால் ஆயிரக்கணக்கான குறுக்குக் கோடுகள் இழுக்கப்படும். பட்டை ஒளிர்வதுபோலத் தோன்றும்போதே ஓவியம் நிறைவெய்தும். அவ்வொளி மூதாதையரின் ஆற்றல் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஆனால், யார் எதை வரையலாம் என்பதிலேதான் இக்கலையின் உயிர்நாடி இருக்கின்றது. யோல்ங்கு சமுதாயம் முழுவதும் டுவா, யிரிச்சா என்னும் இரு பெரும் பகுதிகளுள் அடங்கும். ஒவ்வொன்றினுள்ளும் பல குலங்கள் உண்டு. ஒவ்வொரு குலத்துக்கும் உரிய நிலம் உண்டு; அந்நிலத்தை உருவாக்கிய மூதாதையின் கதையும் பாட்டும் ஆட்டமும் ஓவியக் கோலமும் அக்குலத்துக்கே உரியவை. கூமாஜ் குலத்தின் சாய்சதுரக் கோலம் அவர்களது நிலத்திற் பரவிய ஆதி நெருப்பைக் குறிக்கும். பிறிதொரு குலத்தான் அனுமதியின்றி அதனை வரைதல் களவாகும். தந்தைவழியாற் குலத்தைச் சேர்ந்தோர் கோலத்தின் உரிமையாளர். அக்குலத்துப் பெண்களின் பிள்ளைகள் அது முறை தவறாது வரையப்படுகிறதா என்று கண்காணிப்போர். ஆகவே, ஓர் ஓவியம் எங்கள் நிலம் எது, அதன் எல்லை எது, அதற்கு யார் சாட்சி என்ற மூன்றையும் ஒருங்கே கூறுகின்றது. நொத்தாரிசு எழுதும் உறுதி இதற்குமேல் என்ன கூறும்?

இக்கலையை மேலைத்தேயத்தவர் முதலிற் சந்தித்தது நூதனசாலை வழியாகவே. 1912இல் மானிடவியலாளர் போல்ட்வின் ஸ்பென்சர் மேற்கு ஆர்னம் லாண்டிலிருந்து பட்டை ஓவியங்களைத் திரட்டி மெல்பேண் நூதனசாலைக்கு எடுத்துச் சென்றார். அவர் அவற்றின் அழகை உணர்ந்தவர். எனினும், அழிந்துபோகும் ஒரு கற்கால இனத்தின் எச்சம் என்றே அவற்றைக் கருதினார். இழிவாக நோக்கியவன் மட்டுமே தீங்கு செய்தான் என்று எண்ணுதல் தவறு. ஓவியத்தை நிலத்திலிருந்து பிரித்துக் கண்ணாடிப் பேழையுள் வைத்து வியந்தவனும், அவன் அறியாமலேயே, நில அபகரிப்புக்குத் துணைபோனான்.

யோல்ங்கு நாட்டின் யிர்காலா என்னும் இடத்தில் 1935இல் மெதடிஸ்த மிஷன் நிறுவப்பட்டது. 1962–63இல் அங்கு புதிய தேவாலயம் எழுந்தபோது, குலப் பெரியோர் ஒன்றுகூடி, மூன்றரை மீற்றருக்கும் மேல் உயரமான இரு பலகைகளில், டுவாப் பகுதியின் வரலாறுகளை ஒன்றிலும் யிரிச்சாப் பகுதியின் வரலாறுகளை மற்றொன்றிலும் தீட்டினர். அதே வேளையில், அவர்களது நிலத்தில் முந்நூறு சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பரப்பைப் பொக்சைற் அகழ்வுக்காக ஒதுக்கிவிட்டது மென்சீஸ் அரசாங்கம். அலுமினியத்துக்கு மூலப்பொருளான செம்மண் அந்நிலத்தில் மிகுதியாகக் கிடந்தது. அங்கு வாழ்ந்த மக்களை எவரும் கேட்கவில்லை.

1963 யூலையில், தொழிற் கட்சி உறுப்பினர்களான கிம் பீஸ்லி, கோர்டன் பிரையன்ற் ஆகிய இருவரும் யிர்காலாவுக்குச் சென்று அப்பலகைகளைக் கண்டனர். பாராளுமன்றத்துக்கு மனு விடுப்பதானால் அதனையும் இத்தகைய ஓவியத்தோடு விடுக்கலாமே என்று பீஸ்லி கூறினார். மக்கள் உடனே தொழிற்பட்டனர். தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் மனு தட்டச்சிற் பொறிக்கப்பட்டு, டுவா, யிரிச்சாக் கோலங்கள் சூழ்ந்த பட்டைகளில் ஒட்டப்பட்டது. நினைவுக்கெட்டாக் காலந்தொட்டு வேட்டையாடியும் உணவு தேடியும் தாம் வாழ்ந்த நிலம் இது. தம்மைக் கேளாமலே முடிவு செய்யப்பட்டது. தமக்கு வாழ்வளிக்கும் இடங்களும் புனித இடங்களும் அழிந்துவிடும் என்பன அம்மனுவின் சாரம்.

ஆகஸ்ட் 14ஆம் திகதி முதல் மனு சபையில் வைக்கப்பட்டது. கையொப்பமிட்டோர் பன்னிருவர், அவர்கள் மக்கள் அனைவரையும் பிரதிநிதித்துவம் செய்வோரல்லர் என்று பொறுப்பான அமைச்சர் போல் ஹஸ்லக் ஐயம் எழுப்பினார். கிராமத்துப் பெரியோர் தங்கள் பெருவிரல் அடையாளங்களை இட்டு அனுப்பினர். ஆகஸ்ட் 28ஆம் திகதி இரண்டாவது மனு வந்தது. சபை ஒரு தெரிகுழுவை நியமித்தது. அக்குழு நட்டஈடு வழங்குமாறும் புனித இடங்களைக் காக்குமாறும் பரிந்துரைத்தது. அகழ்வை நிறுத்துமாறு கூறவில்லை. 1968இல் நாற்பத்திரண்டு ஆண்டுக் குத்தகை கம்பனிக்கு வழங்கப்பட்டது.

இவ்விடையிலே நிகழ்ந்த ஒரு வேடிக்கையை மறத்தலாகாது. 1966இல் அவுஸ்திரேலியா டொலர் நாணயத்துக்கு மாறியபோது, ஒரு டொலர்த் தாளின் பின்புறத்தை அழகு செய்தது ஒரு பட்டை ஓவியம். மத்திய ஆர்னம் லாண்டைச் சேர்ந்த டேவிட் மலாங்கி, தம் குலத்து மூதாதையான வேட்டைக்காரனின் ஈமச் சடங்கை வரைந்த ஓவியம் அது. அவரது அனுமதி கேட்கப்படவில்லை. செய்தி வெளியான பின்னர், மத்திய வங்கி ஆளுநர் கூம்ப்ஸ் அவருக்கு ஆயிரம் டொலரும் மீன்பிடிக் கருவிப் பெட்டியும் ஒரு பதக்கமும் அளித்தார். நாட்டின் செல்வத்துக்கு அடையாளமாக எவருடைய கலை அச்சிடப்பட்டதோ, அவர்களுக்கு அந்நாட்டின் நிலத்தில் ஓர் அடிகூட உரிமையில்லை என்பதே அன்றைய சட்டம்!

யோல்ங்கு மக்கள் நீதிமன்றம் சென்றனர். 1971இல் நீதியரசர் பிளக்பேண் வழங்கிய தீர்ப்பு ஊன்றிப் படிக்கத்தக்கது. இம்மக்களிடம் இருப்பது தனிமனிதரின் விருப்பு வெறுப்புக்கு உட்படாத, நுட்பமான சட்ட ஒழுங்கு என்பதை அவர் ஏற்றார். ஆனால், நிலம் குலத்துக்குச் சொந்தம் என்பதைவிடக் குலம் நிலத்துக்குச் சொந்தம் என்பதே பொருந்தும் என்றார். விற்கவும் பிறரை விலக்கவும் இயலாத உறவு சொத்துரிமை ஆகாது என்று வழக்கைத் தள்ளினார். முதலாளித்துவச் சொத்துக் கோட்பாட்டின் நெஞ்சை இதனைவிடத் தெளிவாக எவரும் திறந்து காட்டியதில்லை. நிலத்தை விற்கத் தெரிந்தவனுக்கே நிலம் சொந்தம். அதனை விற்கமுடியாத தாயாக மதிப்பவனுக்கு அது சொந்தமில்லை.

அத்தோல்வியே வெற்றிக்கு வித்தாயிற்று. எனினும், ஓவியம் தனித்து நின்று வென்றது என்று கூறுதல் பொருந்தாது. 1966இல் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையிலே, வின்சன்ற் லிங்கியாரியின் தலைமையில் குரிஞ்சித் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடித்து, கூலிக் கோரிக்கையிலிருந்து நிலக் கோரிக்கையாக வளர்ந்தது. தொழிற்சங்கங்களும் மாணவரும் துணைநின்றனர். பட்டையும் வேலைநிறுத்தமும் ஒரே போராட்டத்தின் இரு முகங்கள். 1976இல் வட பிரதேசத்துக்கு நிலவுரிமைச் சட்டம் வந்தது. 1992இல் மாபோ வழக்கிலே, உரிமையாளரற்ற நிலம் என்ற புனைவை உயர் நீதிமன்றம் நிராகரித்தது.

அதன்பின் ஓவியம் சாட்சிக் கூண்டில் ஏறியது. பாலைநிலத்து மக்கள் ஏறத்தாழ நாற்பதின்மர் சேர்ந்து, 1997இல் பத்து மீற்றர் நீளமும் எட்டு மீற்றர் அகலமுமான துணியிலே தம் நாட்டைத் தீட்டினர். நில நியாயசபையினர் முன்னிலையில் ஒவ்வொருவரும் துணியில் தம் நிலம் வரையப்பட்ட இடத்தில் நின்று தாய்மொழியிற் சாட்சி கூறினர். 2007இல் அவர்களது உரிமை ஏற்கப்பட்டது. யோல்ங்கு நாட்டிலோ, 1996இல், முதலை மூதாதையின் புனித இடமொன்றில், சட்டவிரோத மீன்பிடிகாரர் தங்கிய இடத்தில் வெட்டுண்ட முதலைத் தலை கிடந்தது. சீற்றங்கொண்ட மக்கள், நாற்பத்தேழு ஓவியர்கள், கடலும் தமக்குரியதே என்று நாட்ட எண்பது பட்டைகளைத் தீட்டினர். 2008இல், வட பிரதேசக் கரையின் பெரும்பகுதியில் வற்றுப்பெருக்கு நீர் மக்களுக்கே உரியது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது.

நீதிமன்றம் மெல்லச் செவிசாய்க்க, சந்தையோ விரைந்து கைநீட்டியது. மத்திய பாலைவனத்தின் பபுன்யா குடியிருப்பில் 1971இல் தொடங்கிய ஓவிய இயக்கம் உலகப் புகழ் பெற்றது. அங்கு ஜொனி வரங்குலா 1972இல் வரைந்து 150 டொலருக்குக் கொடுத்த ஓவியம், 2000ஆம் ஆண்டில் 486,500 டொலருக்கு விலைபோயிற்று. மறுவிற்பனையிற் பங்கு கோரும் உரிமை அன்று ஓவியருக்கு இல்லை. 2001இல் அவர் மறைந்தார். ஐந்து வீதப் பங்கை வழங்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010இலேயாகும். 1990களில், ஆதிக்குடி ஓவியங்களைத் திருட்டுத்தனமாகப் பெயர்த்து வியட்நாமில் நெய்வித்த தரைவிரிப்புகள் விற்கப்பட்டன. யிர்காலாவின் பண்டுக் மரிக்கா வரைந்த புனித நீர்நிலையும் அவற்றுள் ஒன்று. தன் குலம் தலைமேல் வைத்ததை அந்நியர் காலால் மிதிக்கும் கொடுமைக்கு அவர் தம் பெரியோரிடம் பதில் சொல்ல நேர்ந்தது. 1994இல் நீதிமன்றம் நட்டஈடு விதித்தது. ஆனால், நம் சட்டங்கள் அறிந்த பதிப்புரிமை தனியொருவனுடையது. குலத்தின் உரிமைக்கு அதில் இன்னும் செவ்வையான இடமில்லை.

யிர்காலாத் தேவாலயப் பலகைகளின் கதையையும் கூறி முடிக்கலாம். 1970களில் மிஷனார் அவற்றைத் தேவாலயத்திலிருந்து அகற்றி வெளியே போட்டனர். ஊரவர் பின்னர் மீட்டெடுத்துத் தம் கலை நிலையத்தில் நிறுவினர். அப்பலகை தீட்டியோருள் ஒருவரும் 1971 வழக்கின் வாதிகளுள் ஒருவருமான முங்குராவுயியின் மகன் கலர்வுய் யுனுபிங்கு, அவ்வழக்கிலே மொழிபெயர்ப்பாளராக நின்ற இளைஞர். பொக்சைற் நிலத்துக்கு இழப்பீடு கோரி 2019இல் அவர் தொடுத்த வழக்கில், நியாயமான ஈடின்றி மக்களின் நிலவுரிமையைப் பறித்தல் அரசியலமைப்புக்கு முரண் என்ற அடிப்படையை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏற்றது. அதனைக் கேட்க அவர் உயிரோடில்லை, 2023இல் மறைந்துவிட்டார். அகழ்ந்தெடுத்த செம்மண்ணும் மீளாது. ஆயினும், தந்தை பலகையில் எழுதியதை மகன் நீதிமன்றத்தில் வாசித்துக் காட்டிவிட்டார்.

நம் வகுப்பறைகளிலே பழங்குடிக் கலை என்பது சித்திர பாடத்தின் ஓர் ஓரத்தில், ‘அலங்காரக் கோலங்கள்’ என்ற தலைப்பின் கீழ் நின்றுவிடுகின்றது. அதனை வரலாற்றுப் பாடத்துக்குக் கொணர்தல் வேண்டும். ஒரு கோலத்தைக் காணும் மாணவன், ‘இது அழகா?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘இது யாருடைய நிலம்? அந்நிலம் இப்போது யார் கையில்?’ என்றும் கேட்கப் பழகுவானாயின், அவன் அக்கலையை உண்மையாகவே வாசிக்கத் தொடங்கிவிட்டான் எனலாம்.